ஒன்பதாம் நாள் கரி

செங்கோடனின் உலை மூன்றாம் முறையும் அடைத்துக்கொண்டது. முதல்முறை ஒன்பதாம் நாள். இரண்டாம் முறையும் ஒன்பதாம் நாள். இந்த முறையும், சொல்லி வைத்தாற்போல, ஒன்பதாம் நாளே.

சௌடேஸ்வரி குழாயின் மூடியைக் கழற்றி, தரையில் விரித்திருந்த சாக்கின்மேல் அதைக் கவிழ்த்தாள். குண்டுமணி அளவிலான நிக்கல் உருண்டைகள் சலசலவென்று உதிர்ந்திருக்க வேண்டும். ஒன்றும் உதிரவில்லை. இரும்புக் கம்பியால் இடித்த பிறகு, அடுப்புக்கரி போன்ற கட்டி ஒன்று முழுதாய் நழுவி விழுந்து இரண்டாய்ப் பிளந்தது. அவள் ஆறாண்டு உழைத்து உருவாக்கிய வினையூக்கி அந்தக் கரிக்குள் எங்கோ மூச்சடைத்துக் கிடந்தது.

"எங்க பொம்பளையாளுங்க இதுக்குப் பேரே வச்சுட்டாங்க மேடம், ஒம்பதாம் நாள் கரின்னு," என்றார் ஆலையின் உரிமையாளர் செங்கோடன். "செத்தவனுக்குக்கூட பதினாறு நாள் விடுவாங்க. இது ஒம்பதுலயே காரியத்த முடிச்சுடுது."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

கல்லேரி வட்டாரத்தில் பன்னிரண்டு ஜவ்வரிசி ஆலைகள் இருந்தன. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்த பின் மிஞ்சும் கழிவுநீர், குளத்தில் தேங்கிப் புளித்து, மீத்தேனையும் கரியமில வாயுவையும் கக்கும். இரண்டுமே வானத்தைச் சூடாக்குபவை. அவற்றைத் தலைமுறைக் கணக்கில் மேலே அனுப்பிவிட்டு, மழை பொய்த்தது என்று அந்த வானத்தையே ஏசிக்கொண்டிருந்த ஊர் அது. 2043ஆம் ஆண்டில்தான் சட்டம் கண்விழித்தது. குளத்தை மூட வேண்டும். வாயுவைச் சௌடேஸ்வரியின் உலைக்குள் செலுத்தி ஹைட்ரஜனாக மாற்ற வேண்டும். அந்த ஹைட்ரஜனில் மாவட்டப் பேருந்துகள் ஓடும். பங்குனி முடிவதற்குள் முப்பது நாள் இடைவிடாமல் உலையை ஓட்டிக் காட்டாத ஆலைக்கு முத்திரை வைக்கப்படும்.

அன்று மாசி இருபது. செங்கோடனின் ஆலையில் எண்பத்து நான்கு பெண்கள் வேலை செய்தார்கள்.

மற்றப் பதினோர் ஆலைகளிலும் அதே உலை, அதே நிக்கல், நூறு நாளைக் கடந்து முணுமுணுப்பின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே, உலைகளை மேற்பார்க்கும் எரிவளி வாரியத்தின் படிவத்தில் காரணத்தைக் குறிப்பதற்கு இருந்த இரண்டே கட்டங்களுள், ‘இயந்திரக் கோளாறு’ என்பதை விட்டுவிட்டு, ‘இயக்குவோர் அலட்சியம்’ என்பதில் சௌடேஸ்வரி இரண்டு முறை குறியிட்டிருந்தாள். கீழே கையெழுத்தும் இட்டிருந்தாள். இன்று மூன்றாம் படிவம் அவள் பையில் இருந்தது.

செங்கோடனுக்கும் அது தெரியும்.

"எனக்கு அறுபத்தோரு வயசு மேடம். என்னையக் கஞ்சன்னு சொல்லியிருக்காங்க, பொழைக்கத் தெரியாதவன்னு சொல்லியிருக்காங்க. அலட்சியம்னு ஒருத்தனும் சொன்னதில்ல. நீங்கதான் மொதல்ல சொன்னீங்க."

"ஐயா, மத்த ஆலையில எல்லாம் ஓடுதே..."

"ஓடுது. நான் இல்லைங்கல. இங்க வாங்க, நான் என்ன தப்புப் பண்றேன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் அவளை வாயு சுத்திகரிக்கும் பெட்டியிடம் அழைத்துச் சென்றார். இரும்புத் துருவல் நிரப்பிய அந்தப் பெட்டி, குளத்து வாயுவில் இருக்கும் கந்தகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கந்தகம் நிக்கலுக்கு நஞ்சு என்பது பாடப்புத்தகத்தின் முதல் பாடம்.

"மாசத்துக்கு ஒருக்கா துருவல மாத்துன்னு எழுதியிருக்கீங்க. நான் வாரத்துக்கு ஒருக்கா மாத்தறேன். நீங்க ஒரு பெட்டி குடுத்தீங்க. நான் பக்கத்துல இன்னொண்ணு செஞ்சு வச்சிருக்கேன். இதுக்குமேல எப்படி மேடம் கவனமா இருக்கறது? தாலாட்டுப் பாடறதா?"

சௌடேஸ்வரி எல்லாவற்றையும் பார்த்தாள். வெப்பம் சரி, அழுத்தம் சரி, பதிவேட்டில் ஒரு மணி நேரம்கூட விடுபடவில்லை. குறை சொல்ல ஓர் எள்ளளவு இடமில்லாத மனிதர் முன்னால் நின்று, குறை சொல்லும் படிவத்தை அவளால் வெளியே எடுக்க முடியவில்லை. "நாளைக்கு வர்றேன்யா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நெடுஞ்சாலையை ஒட்டியிருந்தது அர்த்தநாரியின் ஆலை. நூற்று நாற்பது நாள்களாக ஓடும் அவருடைய உலைதான் வாரியத்தின் விளம்பரப் படங்களில் எல்லாம் நின்றது. அன்று அதன் கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை தொங்கியது. நெற்றி போன்ற இடத்தில் சந்தனம்.

"வாங்க அம்மிணி, வாங்க! உங்க கொழந்தையப் பாக்க வந்தீங்களா?" என்று வாய் நிறைய வரவேற்றார் அர்த்தநாரி. "பாருங்க, பட்டத்து யானையாட்டம் நிக்குது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பூசணிக்கா சுத்திப் போடறமுங்க. அதுதான் சூட்சுமம். நம்மளப் பாத்துத்தான் மத்த ஆலைக்காரங்களும் ஆரம்பிச்சாங்க. எல்லாமே ஓடுதில்ல? செங்கோடன் மாமனுக்குத்தான் பூசணிக்கா வாங்க மனசு வர மாட்டேங்குது."

அவர் காப்பி சொல்லப் போனார். சௌடேஸ்வரி உலர்களத்தின் ஓரத்தில் நின்றாள். வெயிலில் ஜவ்வரிசி, பார்த்தால் கண் கூசும் வெண்மையில் பரந்து கிடந்தது. மரவள்ளியின் இயல்பான மாவு சற்றே மங்கலாக இருக்கும். ஆனால் வட நாட்டு வணிகர்களுக்குப் பால்வெள்ளைதான் வேண்டும். அதை வாங்கி விரத நாளில் பக்தியோடு உண்பவர்கள், அந்த வெள்ளை எப்படி வந்தது என்று கேட்பதில்லை. கேட்டால் விரதம் கலைந்துவிடும்.

களத்தில் ஜவ்வரிசி துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண், சேலையைச் சற்றே தூக்கிச் செருகினாள். காலில் கொலுசு. கன்னங்கரேலென்று இருந்தது.

"அக்கா, அது இரும்புக் கொலுசா?"

"அட, நீங்க ஒண்ணு! அசல் வெள்ளிங்க. இங்க வேலைக்கு வந்தா எல்லாக் கொலுசும் இப்படித்தான். பட்டறையில குடுத்துப் பாலீஷ் போட்டா நாலே நாள்ல திரும்பக் கருத்துப் போயிரும். இந்தத் தண்ணி வாகு அப்படிங்க."

சேலத்தில் கொலுசுப் பட்டறைத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் சௌடேஸ்வரி. வெள்ளியைக் கருக்குவது தண்ணீர் அன்று, கந்தகம் என்பது அவளுக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். காலையில் செங்கோடனின் களத்தில் நடந்த கால்களில் வெள்ளி வெள்ளியாகவே இருந்தது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காப்பியோடு வந்த அர்த்தநாரியிடம் அவள் நேராகக் கேட்டாள்: "மாவை வெளுக்க எந்த அமிலம் போடறீங்க சார்?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அசையவில்லை. ஆனால் அதற்குள் இருந்த ஆள் எழுந்து போய்விட்டார்.

"அம்மிணி, ஊரோட ஒத்து வாழணுமுங்க. நான் மட்டுமா?"

அந்த ‘நான் மட்டுமா’தான் அவளை உலுக்கியது. வண்டிக்குள் போய் உட்கார்ந்து, பன்னிரண்டு ஆலைகளின் அட்டவணையைத் திறந்தாள். ‘கந்தகம்’ என்ற தலைப்பின் கீழே பன்னிரண்டு இடத்திலும் ‘இல்லை’ என்றே இருந்தது. வாரியத்தின் கருவி, பத்து இலட்சத்தில் ஐந்து பங்குக்குக் கீழே போனால் அளக்காது. அளக்க இயலாததை ‘இல்லை’ என்று எழுதிவிடும். காணாத ஒன்றை இல்லாத ஒன்று என்று எழுதும் இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்த அதிகாரி எவரோ, அவர் பள்ளியிறுதித் தேர்வில் எப்படித் தேறினார் என்று யாரேனும் விசாரிக்க வேண்டும்.

மாவை வெளுத்த அமிலத்தின் கந்தகம் கழிவுநீரோடு குளத்தில் இறங்கி, பெட்டியையும் தாண்டி, பதினோர் ஆலைகளின் வாயுவில் சிறிதளவு இருந்தது. ஓர் ஆலையில் உண்மையாகவே இல்லை. பதினொன்று ஓடின, ஒன்று அடைத்துக்கொண்டது.

அவளுடைய நிக்கலில் கரி படியாது என்று நாடு முழுவதும் மேடையேறிச் சொன்னாளே, அது பொய். அவளுடைய நிக்கலில் கரி படியும். ஆய்வுக்கூடத்தில் படியாததற்கும் காரணம் இருந்தது: சோதனைக்கான வாயுவை, சாலையை ஒட்டி இருக்கிறது என்ற ஒரே வசதிக்காக, அவள் எப்போதும் அர்த்தநாரியின் குளத்திலிருந்தே பைகளில் பிடித்து வந்தாள். தடையை மீறி மாவை வெளுத்து ஊரார் செய்த களவு, அவள் கண்டுபிடிப்புக்கு முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறது. களவு செய்யாத ஒருவரை அவள் அலட்சியக்காரர் என்று எழுதியிருக்கிறாள்.

வாரியத்தின் இயக்குநர் ஹெப்சிபா ஞானமணியை அவள் அங்கிருந்தே அழைத்தாள், நடந்ததைச் சொன்னாள்.

"சௌடேஸ்வரி, அடுத்த மாசம் முந்நூறு உலைக்கு உத்தரவு போடப்போறோம். இப்பப் போய் இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"பதினொண்ணு ஓடுது. ஒண்ணு ஓடல. அந்த ஒண்ணை விட்டுட்டா..."

"அந்த ஒண்ணுதான் மேடம் ஒழுங்கான ஆலை. அதுக்கு முத்திரை வச்சுட்டு, மத்ததுக்கு மாலை போடப்போறோம். நம்ம இயந்திரம் நல்லவனைத் தேடிப் பிடிச்சு அடைக்குது. அப்படி ஒரு இயந்திரத்தை முந்நூறு இடத்துல வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப என்னதான் செய்யணுங்கறீங்க?"

"எனக்கு ஒரு உலையும் முப்பது நாளும் குடுங்க. செங்கோடன் ஆலையில ஓட்டிக் காட்டறேன்."

மறுநாள் அவள் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியோடு செங்கோடனிடம் போனாள். விளக்கைப் போல வெளிச்சமாகச் சொல்லிவிட்டால் அவர் ஏற்றுக்கொள்வார் என்று நினைத்தாள்.

"என்ன மேடம் இது?"

"கந்தகச் சேர்மம்யா. வாயுவுல நாளுக்குச் சில துளி கலக்கணும்."

செங்கோடன் குப்பியைத் தொடவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"எங்கப்பா இந்த ஆலைய ஆரம்பிச்சப்போ வாசல்ல ஒரு பலக மாட்டினாரு. ‘இந்த வாசலுக்குள் வெளுப்பு மருந்து வராது’ன்னு. இருபத்தேழு வருசமா நான் காப்பாத்திக்கிட்டு வர்றேன். வெள்ளையா இல்லன்னு எஞ்சரக்க ஏலத்துல கடைசியாத்தான் எடுப்பாங்க. எடுத்தா எடுக்கட்டும்னு இருந்தேன். இப்ப நீங்க கந்தகத்தைக் கொண்டாந்து நீட்டறீங்க."

"மாவுல இல்லைங்கய்யா. வாயுவுல. மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கந்தகக் குப்பி உள்ள போனதத்தான் ஊரு பாக்கும். செங்கோடனும் கடைசீல வழிக்கு வந்துட்டான்னு சிரிக்கும்." பிறகு குப்பியைக் காட்டிக் கேட்டார்: "நஞ்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? நஞ்சு எப்படி மருந்தாகும்?"

சௌடேஸ்வரி களத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஓய்வு நேரத்தில் பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, தலையோடு தலை சேர்த்து எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களைப் பாருங்கய்யா. நாலு பேர் ஒட்டி உக்காந்தாத்தானே வம்பு வளருது? நிக்கல் மேலயும் அப்படித்தான். கரி தனியா இருந்தா ஒண்ணும் செய்யாது. பக்கத்துப் பக்கத்துல நாலு இடம் கிடைச்சாத்தான் கூடி உக்காந்து கட்டியாகும். நடுநடுவே வாயே தொறக்காத ஆளு ஒருத்தரை உக்கார வச்சுட்டோம்னா?"

"வம்பு வளராது."

"கந்தகம் அந்த வாய் தொறக்காத ஆளு. மீத்தேனுக்கு அவ்வளவு இடம் வேண்டாம். மிச்ச இடத்துலயே வந்து வேலைய முடிச்சுட்டுப் போயிடும். ஆனா அளவு தப்பிச்சுன்னா எல்லா இடத்தையும் கந்தகமே புடிச்சுக்கும். அப்புறம் நிக்கல் செத்துடும். நீங்க ரெண்டு பெட்டி வச்சு, வாரத்துக்கு ஒருக்கா துருவல் மாத்தி, அந்தக் கொஞ்சத்தையும் தொடச்சுட்டீங்க."

செங்கோடனுக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது, கசப்பான சிரிப்புதான். "அப்ப என்னோட சுத்தந்தான் என்னையக் கொன்னுச்சுங்கறீங்க."

"இல்லைங்கய்யா. என்னோட அறியாமை. நான் எழுதினது தப்பு. ரெண்டு தடவையும் தப்பு."

அவள் பையிலிருந்து மூன்றாம் படிவத்தை எடுத்தாள். இரண்டு கட்டங்களையும் அடித்துவிட்டு, கீழே தெளிவான எழுத்தில் ‘வடிவமைத்தவரின் பிழை’ என்று எழுதி, முந்தைய இரண்டு அறிக்கைகளையும் இதனால் திரும்பப் பெறுவதாகக் குறிப்பிட்டு, கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினாள். செங்கோடன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"ஒரு நிபந்தனை," என்றார் கடைசியில். "திருட்டுத்தனமா வேண்டாம். ஊரைக் கூட்டி, பட்டப்பகல்ல, வாசல் வழியாத்தான் அந்தக் குப்பி உள்ள வரணும். தெனமும் எத்தன துளி போகுதுன்னு காட்டற முள்ள வாசல்லயே மாட்டணும். போற வர்றவன் எல்லாம் பாக்கட்டும். உள்ள வச்சா களவு; வெளிய வச்சா மருந்து."

அப்படியே நடந்தது. சௌடேஸ்வரி ஒரு வாரம் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்து, வாயுவில் இருக்கும் கந்தகத்தை நுணுக்கமாக அளந்து, குறைவதை மட்டும் துளியாகச் சேர்க்கும் ஒரு கருவியைச் செய்தாள். மாசி இருபத்தெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, எண்பத்து நான்கு பெண்களும் எதிர்த் தேநீர்க் கடைக்காரரும் ஏல வணிகர்கள் சிலரும் பார்த்திருக்க, குப்பி வாசல் வழியாக உள்ளே போனது. வாசற்சுவரில் மாட்டிய வட்டத் தகட்டில் முள் மெல்ல எழுந்து, நாளுக்குப் பதினெட்டுத் துளி என்று காட்டி நின்றது.

ஹெப்சிபா ஞானமணியும் சும்மா இருக்கவில்லை. திருத்திய அறிக்கையைப் படித்தவர், முந்நூறு உலைகளின் உத்தரவை நிறுத்தி வைத்தார். பன்னிரண்டு ஆலைகளுக்கும் அதே கருவி, அதே வட்டத் தகடு, அதே வாசற்சுவர் என்று ஆணையிட்டார்.

எட்டாம் நாள் ஆலையில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் செங்கோடன் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் காலை, களத்துப் பெண்களுள் ஒருத்தி உலையின்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இது உசுரோடதான் இருக்குது!" என்று கூவினாள். இருபதாம் நாள் புனேயிலிருந்து ஒரு வணிகர் செங்கோடனைத் தொலைபேசியில் அழைத்தார். ஏலத்தில் செங்கோடனின் சரக்கை அதுவரை கையால்கூடத் தொட்டிராதவர்.

"என்ன கேட்டாருங்கய்யா?" என்றாள் சௌடேஸ்வரி.

"வெள்ளையா இருக்குதான்னு கேக்கலைங்க. முள்ளு எத்தன காட்டுதுன்னு கேட்டாரு."

அவள் அந்த நொடியில்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்று உணர்ந்தாள். கரியைத் தடுக்க ஒரு கருவி செய்தாள். அது வேறொன்றையும் செய்துகொண்டிருந்தது. வாயுவில் கந்தகம் இல்லாத ஆலையில்தான் அந்த முள் எழும். ஏற்கெனவே இருக்கும் இடத்தில் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று படுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வாசல்களில் பன்னிரண்டு தகடுகள். பதினொன்றில் முள் பூச்சியத்தில் கிடந்தது. எந்த அதிகாரியும் சோதனைக்கு வரவில்லை. எவர் வீட்டிலும் எவரும் நுழையவில்லை. ஆயினும் சாலையில் போகும் பால்காரர்கூட ஒவ்வோர் ஆலையின் வாசலிலும் நின்று, அந்த ஆலையைப் படித்துவிட்டுப் போனார்.

பங்குனி இருபத்தெட்டு. முப்பதாம் நாள். ஹெப்சிபா ஞானமணி நேரில் வந்து குழாயைத் திறக்கச் சொன்னார். உருண்டைகள் சாக்கின்மேல் சலசலவென்று உதிர்ந்து உருண்டோடின. அவர் ஒன்றைக் கையில் எடுத்து, வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஆலைக்கான அனுமதியில் அங்கேயே கையெழுத்திட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். செங்கோடன் மூலையில் போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டார். நீண்ட நேரம் கழுவினார்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பின்தான் அருகில் வந்தார்.

"அம்மிணி, எங்க வாசல்ல மாட்டின முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. ரிப்பேருங்களா?"

"ரிப்பேர் இல்லைங்க சார். சரியாத்தான் வேலை செய்யுது."

"ரிப்பேர்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா, ஒட்டி வச்சுக்குவேன்."

"முடியாதுங்க."

அவர் செங்கோடனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "என் பேத்தி இஸ்கூல்ல இருந்து வந்து கேக்கறா, தாத்தா, நம்ம முள்ளு ஏன் தூங்குதுன்னு. என்னத்தச் சொல்லட்டும்?" குரல் தாழ்ந்தது. "நிறுத்திட்டா எத்தன நாள்ல எந்திரிக்குமுங்க?"

"குளத்துல கிடக்கற பழைய தண்ணி தீரணும். மூணு நாலு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் ஊரு சிரிக்குமே!"

"என்னைய இருபத்தேழு வருசம் சிரிச்சுது மாப்ள," என்றார் செங்கோடன், ஈரமுகத்தைத் துண்டால் துடைத்தபடி. "நான் என்ன செத்தா போயிட்டேன்? வெளுக்காம மாவெடுக்கறது கஷ்டமில்ல. ஆறு தண்ணி அலசணும், தோலு ஒட்டாம சீவணும், புளிக்க விடாம அன்னிக்கே அரைக்கணும். ஆளுங்க பழகிக்குவாங்க. வேணும்னா நானே வந்து நிக்கறேன்."

"நீங்க வருவீங்களா மாமா?"

"பூசணிக்கா ஒடைக்க மட்டும் கூப்பிடாத."

சித்திரை கழிந்தது. முந்நூறு உலைகளுக்கான உத்தரவு, துளிக் கருவியோடு சேர்த்து, வைகாசியில் கையெழுத்தானது. பன்னிரண்டு ஆலைகளின் அளவுகளும் ஒவ்வொரு நாள் காலையிலும் சௌடேஸ்வரியின் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. பதினெட்டு, பிறகு பதினொரு பூச்சியங்கள். அவள் ஒவ்வொரு நாளும் அர்த்தநாரியின் வரியைத்தான் முதலில் பார்த்தாள்.

ஆனால் முதலில் எழுந்த முள் அர்த்தநாரியுடையது அன்று. வட்டாரத்தின் கடைக்கோடியில், அவள் இரண்டே முறை போயிருந்த ஓர் ஆலை. அதன் உரிமையாளர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. எவரிடமும் எதையும் கேட்டதில்லை. எதற்கும் வாக்குக் கொடுத்ததும் இல்லை. அவருடைய பெயரைக்கூட அவள் பட்டியலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் என்றைக்கு நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதை அவர் சொல்லப்போவதும் இல்லை.

இரண்டு துளி.

அழைத்துப் பாராட்டலாமா என்று தொலைபேசியை எடுத்தவள், சற்று யோசித்துவிட்டுக் கீழே வைத்தாள். சொல்லாமல் செய்தவரிடம் சொல்லிக் காட்டக் கூடாது. அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் இருந்த அர்த்தநாரியின் பூச்சியத்தைப் பார்த்து, "நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.